அன்புடன் என்று போட்டதற்கான விளக்கம்

விழுப்புரம்
9 ஜூன் 2025

அன்புள்ள அம்பிகாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சௌக்கியம். என் இடது முட்டி மட்டும் கூட்டணியிலிருந்து விலகிவிட்டது. அங்கே நீ, உன் வீட்டுக்காரர், பிள்ளைகள், உன் பள்ளிக்கூட ஆபீசில் கத்திக்கொண்டே சுற்றும் அந்த மின்விசிறி, எல்லாரும் எப்படி?

போன் என்று ஒன்று இருக்கும்போது திண்டிவனத்துக்கு மெயில் எதற்கு என்று கேட்பாய். பழகிப் பார்க்கிறேன். முடிவெட்டக் கற்றுக்கொள்கிறவன் முதலில் சொந்தத் தம்பி தலையில் கத்தரி வைப்பதில்லையா, அப்படி. எங்கள் விதைக் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். ஜெகதீசன் என்று பெயர். இனி போன் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது, பக்கத்து மேசைக்குக்கூட மெயில்தான் என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் ஐதராபாத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு நகல் போகும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் ஆகாது. அதனால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரம். நான் தமிழில் அடித்தால் அங்கே இங்கிலீஷாக இறங்கும். அவர்கள் இங்கிலீஷில் அடித்தால் எங்கள் குடோனில் தமிழாக இறங்கும். ஜெகதீசன் வந்தவாசிப் பக்கத்துக்காரர்தான். ஆனாலும் இங்கிலீஷில்தான் அடிப்பார்.

ஆரம்பிப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. முடிக்கத்தான் தெரியவில்லை. வாழ்க்கையில் நான் கடைசியாக ஒழுங்காக முடித்த கடிதம், பள்ளிக்கூடத்து லீவு லெட்டர். அதே ஞாபகத்தில் முதல் மெயிலை ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள பிரபாவதி’ என்று முடித்து வைத்தேன். உங்கள் தெருவிலிருந்து தினம் ரயிலில் வருகிறாளே புனிதா, எங்கள் கணக்குப் பிரிவு, அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது.

நீ ஆபீசிலேயே பிறந்து வளர்ந்தவள். கடைசியில் என்ன போடுவது, சொல்.

இப்படிக்கு (இது சரியா?),
பிரபாவதி

திண்டிவனம்
11 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் சுகம். மின்விசிறியும் சுகம், அதன் கீழே உட்காருகிற எனக்குத்தான் தலைவலி. உங்கள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அண்ணனைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். மோட்டார் ரிப்பேருக்குக் காயில் கம்பி சுற்றுகிற கை அது, உங்கள் முட்டியையும் கழற்றிப் பார்ப்பார்.

கீழ்ப்படிதல் வேண்டாம் அண்ணி. பணிவுடனும் வேண்டாம். எங்கள் ஆபீசில் ஒருத்தர் ‘பணிவுடன்’ போட்டுப் போட்டு, இப்போது தலைமையாசிரியர் வீட்டு கேஸ் சிலிண்டரும் அவர்தான் தூக்குகிறார். வெறும் ‘இப்படிக்கு’ என்றால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். பேசாமல் எல்லாருக்கும் ‘நன்றி’ என்று போட்டுவிடுங்கள். யார் மேலும் படாது.

‘அன்புடன்’ வீட்டுக்கு. ‘நன்றி’ ஆபீசுக்கு. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அன்புடன்,
உங்கள் நாத்தனார் அம்பிகா

விழுப்புரம்
14 ஜூலை 2025

அன்புள்ள அம்பிகாவுக்கு,

முட்டி பரவாயில்லை. உன் அண்ணன் தினமும் பைக்கில் கொண்டுவந்து ஆபீஸ் கேட்டில் இறக்கிவிட்டுப் போகிறார். இறங்கும்போது நான் விடுகிற முனகல், கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்குச் சங்கு மாதிரி. உடனே பஞ்ச் மிஷினைத் துடைக்கிறார்.

நன்றி போட்டு நன்றி போட்டு விரல் தேய்ந்துவிட்டது. பேனா வந்து சேரவில்லை, நன்றி. பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை, நன்றி. நேற்று வீட்டில் உன் அண்ணன் சாம்பாரில் உப்பில்லை என்றார். வாயில் நன்றி என்று வந்துவிட்டது. முறைத்துப் பார்த்தார்.

ஜெகதீசனுக்கு முடிச்சாயம் காதில் இறங்கியிருக்கிறது. யாரும் சொல்லவில்லை, மெயிலில் சொல்லலாமா என்று யோசிக்கிறோம். புனிதா புதுக் கொலுசு போட்டிருக்கிறாள், நடந்தால் கணக்குப் பிரிவு முழுக்கக் கேட்கிறது. குடோன் தீனதயாளன் லீவு முடிந்து வந்துவிட்டார். அவர் மனைவி பூமாலை இறந்துபோய்க் காரியமெல்லாம் முடிந்தது. ஆள் பாதியாகிவிட்டார். மல்லாட்டைக் கடலை விதை எத்தனை மூட்டை இருக்கிறது என்று அவருக்கு ஒரு மெயில் போட வேண்டியிருந்தது. போட்டேன்.

என் கான்ட்ராக்ட் அக்டோபரில் புதுப்பிக்க வேண்டும். இந்த வயதில் இதை விட்டால் எனக்கு வேறு யார் மேசை கொடுப்பார்கள். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருப்பதாக உத்தேசம். நடக்கிற காரியமா, நீயே சொல்.

அன்புடன்,
அண்ணி

திண்டிவனம்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

பால் பூத்தில் புனிதாவைப் பார்த்தேன். அவள்தான் என்னைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். வரிசையை விட்டு வந்து சொன்னாள். நீங்கள் குடோன்காரருக்கு எழுதிய ஒரு மெயில் ஐதராபாத்துக்கு ‘வித் லவ், பிரபாவதி’ என்று போய் இறங்கியதாம். அங்கிருந்து இது என்ன விவகாரம் என்று கேட்டு எழுதியிருக்கிறார்களாம். ஆபீசே சிரிக்கிறதாம்.

அவள் எதைச் சொன்னாலும் உப்பு காரம் சேர்த்துத்தான் சொல்வாள். அதைக் கழித்துக்கொண்டுதான் கேட்டேன். கழித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது அண்ணி.

நீங்கள் சொல்லியிருக்கலாம்.

உங்கள்,
அம்பிகா

விழுப்புரம்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்பிகாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைச் சொல்கிறேன்.

‘அன்புடன்’ என்று போட்டேன். இயந்திரம் அதை ‘வித் லவ்’ ஆக்கிவிட்டது. அவ்வளவுதான். அதற்கு என்ன தெரியும், பாவம், அது கல்யாணப் பத்திரிகை பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பாக்கள் எல்லாம் அன்புடன் அழைக்கிறார்களே, அவர்களையும் ஐதராபாத்துக்கு அனுப்பினால் எத்தனை பேர் மாட்டுவார்கள்.

ஜெகதீசன் அறைக்குள் கூப்பிட்டார். கதவைத் திறந்தே வைத்தார், வெளியே இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டுமே.

“இன்னாம்மா இது, குடோனுக்கு லவ் லெட்டரா?” என்றார்.

“விதை மூட்டை கேட்டேன் சார்.”

“மூட்டைய கேட்டுட்டு லவ்வ குடுத்துக்கிறியே.”

வெளியே கொலுசு குலுங்கியது.

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் உண்மை என்று ஆகிவிடும் போலிருந்தது. நாற்பத்தெட்டு வயது, எண்பது கிலோ, ஒரு முட்டி. இதை வைத்துக்கொண்டு நான் யாரை மயக்க முடியும் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, விசாரணை என்றார். எனக்கும் தீனதயாளனுக்கும் தனித்தனியாக நோட்டீஸ். செப்டம்பரில் விசாரிக்கச் சென்னைக் கிளையிலிருந்து ஓர் அம்மா வருவார். அவர் என்ன எழுதுகிறாரோ அதைப் பொறுத்துத்தான் என் கான்ட்ராக்ட்.

உன் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். அவர் பேச்சை மென்று விழுங்குகிற ஆள். உள்ளே போனது வெளியே வராது.

அன்புடன் (உனக்குப் போட எனக்கு உரிமை இருக்கிறது),
அண்ணி

திண்டிவனம்
6 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு,

நலம்.

இயந்திரம் செய்த தப்பு புரிகிறது. எனக்குப் புரியாதது வேறு. எல்லாருக்கும் நன்றி போட்டு விரல் தேய்ந்துவிட்டது என்று நீங்களே எழுதினீர்கள். பாத்ரூம் தண்ணீருக்குக்கூட நன்றி. அந்த ஒருத்தருக்கு மட்டும் ஏன் அன்புடன்?

அண்ணனிடம் நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். அவர் கூடப் பிறந்தவள் நான்.

இப்படிக்கு,
அம்பிகா

விழுப்புரம்
1 செப்டம்பர் 2025

அம்பிகாவுக்கு,

உன் மெயில் கிடைத்தது. பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. நீங்கள் அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

இங்கே மழை. ஜங்ஷன் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். இப்போதெல்லாம் ஷேர் ஆட்டோவில்தான் ஆபீஸ் போகிறேன். உன் அண்ணனுக்குக் காலையில் கடையில் வேலை அதிகம். ஷேர் ஆட்டோவும் நல்லதுதான், நாலு பேர் முகம் பார்க்கலாம். நான் ஏறினால் மூன்று பேர் இடம் போய்விடுகிறது, டிரைவர் ஒன்றும் சொல்வதில்லை, கண்ணாடியில் பார்க்கிறார், அவ்வளவுதான்.

உன் அண்ணன் சாப்பாட்டை அவரே போட்டுக்கொள்கிறார். தட்டையும் அவரே கழுவி வைத்துவிடுகிறார். ஊரில் எத்தனை பேருக்கு இப்படிப் புருஷன் கிடைப்பான்.

விசாரணை பதினெட்டாம் தேதி. விளக்கம் எழுதிக்கொண்டு போக வேண்டும். உன் வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

நன்றி,
பிரபாவதி

திண்டிவனம்
2 செப்டம்பர் 2025

அண்ணி,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. நேராகச் சொல்கிறேன். நான்தான் சொன்னேன்.

அண்ணன் கடைக்கு மோட்டார் கொண்டுவந்த எவனோ, உன் சம்சாரம் மெயில்ல லவ் அனுப்புதாமே என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். அண்ணன் எனக்குப் போன் போட்டார். “உனுக்குத் தெரியுமா, தெரியாதா? அத்த மட்டும் சொல்லு” என்றார். தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்றார். சொன்னேன். போனை வைத்துவிட்டார். உங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. நல்லதாகவும் பேசவில்லை.

எனக்குத்தான் முதலில் தெரிந்தது, அவருக்குக் கடைசியில் தெரிந்தது என்பதுதான் அவரை அடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு நீங்களும் காரணம், நானும் காரணம்.

போன மெயிலை நீங்கள் ‘நன்றி’ என்று முடித்திருந்தீர்கள். அந்தப் பாடத்தை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ஆபீசில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வந்து என்னம்மா கண்ணில் தூசியா என்று கேட்டார்.

நான் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டாம். அண்ணனுக்குச் சொல்லுங்கள் அண்ணி.

அம்பிகா

விழுப்புரம்
19 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்பிகாவுக்கு,

முட்டி வலிக்கிறது. மற்றபடி உயிரோடு இருக்கிறேன். நேற்று விசாரணை முடிந்தது.

சென்னையிலிருந்து வந்த அம்மா என் வயதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் ஜெகதீசனும். இந்தப் பக்கம் நான். பக்கத்தில் ஒரு நாற்காலி இடம் விட்டு தீனதயாளன். அந்தக் காலி நாற்காலியை யார் போட்டது என்று தெரியவில்லை, அது ஒரு சாட்சி மாதிரி உட்கார்ந்திருந்தது.

முதலில் தீனதயாளனைக் கேட்டார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஜெகதீசன் அவருக்கு அனுப்பிய நோட்டீஸ். இவர் இங்கிலீஷில் அடித்தது, இயந்திரம் தமிழாக்கிக் குடோனில் இறக்கியிருக்கிறது. அந்த அம்மா சத்தமாகப் படித்தார். ‘மூன்று நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் உங்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். அன்புடன், ஜெகதீசன்.’

இவர் கடைசியில் இங்கிலீஷ் மரியாதைக்கு ‘ரிகார்ட்ஸ்’ என்று போட்டிருக்கிறார். இயந்திரம் அதை ‘அன்புடன்’ ஆக்கிவிட்டது.

தீனதயாளன் மெதுவாகச் சொன்னார்: “எனுக்கு ரெண்டு பேரு அன்புடன் போட்டுக்கிறாங்க மேடம். அவங்கள மட்டும் கூப்ட்டு வெச்சிக்கினு கேக்குறீங்க.”

அந்த அம்மா தண்ணீர் குடித்தார். புரையேறியது. ஜெகதீசன் காது, சாயம் இறங்கிய இடம் தவிர, சிவந்துவிட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். அந்த அம்மாவும் முடிக்கத்தான் பார்த்தார். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, “ஒரே வரி எழுதிக் குடுத்துடுங்கம்மா. அது வெறும் சம்பிரதாயம், அர்த்தம் ஒன்னும் இல்லன்னு. ஃபைல மூடிடலாம். உங்க கான்ட்ராக்டும் கையெழுத்தாயிடும்” என்றார்.

பேனாவைத் திறந்தேன். தீனதயாளன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ கேட்டாயே, அவருக்கு மட்டும் ஏன் என்று. சொல்கிறேன். அவர் திரும்பி வந்த அன்று காலை ஆபீஸ் முழுக்க அவருக்கு மெயில் போட்டது. ஜெகதீசன் மூட்டை குறைகிறது என்று போட்டார். புனிதா ரசீது வரவில்லை என்று போட்டாள். வாயைத் திறந்து பேசக்கூடாதென்று உத்தரவு அல்லவா, ஒருத்தரும் குடோன் பக்கம் போகவில்லை. நானும் போகவில்லை. நானும் மூட்டை எண்ணிக்கைதான் கேட்டேன். கடைசியில் பழக்கத்தில் நன்றி என்று அடித்தேன். அடித்துவிட்டுப் பார்த்தேன். பெண்டாட்டியைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த மனுஷனுக்கு எதற்கு நன்றி? அழித்தேன். என்ன போடுவது என்று தெரியவில்லை. துக்கம் விசாரித்து எழுதினால் அது ஐதராபாத்துக்கும் போகும். அதனால் அன்புடன் என்று போட்டேன். எதற்குப் போட்டேன் என்று அவருக்குப் புரிந்தது. மூட்டை எண்ணிக்கையோடு பதில் போட்டார், வேறொன்றும் எழுதவில்லை.

உன்னிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எல்லாவற்றையும் சிரிப்பாக்கியே பழகிவிட்டேன். இதைச் சிரிப்பாக்க வரவில்லை.

இப்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அதற்கு அர்த்தம் இல்லை என்று எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது? எழுதியது இதுதான்: ‘தெரிந்துதான் போட்டேன். துக்கத்தில் இருந்தவருக்குப் போட்டது. இயந்திரம் சொன்ன அர்த்தம் அதில் இல்லை. ஆனால் அர்த்தமே இல்லை என்று நான் எழுத மாட்டேன்.’

எழுதிவிட்டு, இந்த விளக்கத்தை எப்படி முடிப்பது என்று உட்கார்ந்திருந்தேன். நன்றி போட மனம் வரவில்லை. மற்றதைப் போட்டால் ஜெகதீசனுக்கு மயக்கம் வரும். ‘இப்படிக்கு’ என்று மட்டும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். போலீஸ் ஸ்டேஷன் மாதிரி என்றாயே, அந்த இடத்துக்கு அது சரியாகத்தான் இருந்தது.

அந்த அம்மா படித்தார். சிரிப்பு போய்விட்டது. முடிவு பிறகு வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலை இருக்கிறதா இல்லையா, தெரியாது.

உன் அண்ணனிடம் இதை என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. அவரும் கேட்கவில்லை. நேற்று ராத்திரி ரெண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சீரியல் பார்த்தோம். என்ன சீரியல் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

அண்ணி

திண்டிவனம்
20 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் போனிலேயே திட்டுங்கள். உங்கள் மெயிலை அப்படியே அண்ணன் போனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். கடைக்கு வெளியே நின்று பேசினார் போல, பஸ் சத்தம் கேட்டது.

“அந்தாளு பொண்டாட்டி செத்துப் போச்சா? எனுக்கு ஒருத்தரும் சொல்லலியே. ஒரு தபா போயி தலய காட்டிட்டு வந்துருப்பனே” என்றார்.

அவ்வளவுதான். வேறெதையும் கேட்கவில்லை. நான்தான் எல்லாம் கேட்டு வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது அண்ணி.

காலையில் ரயிலடிக்குப் போய்ப் புனிதாவைப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். அவள் நடந்து வரும் சத்தம் கேட்டதும், உன் கொலுசு ஐதராபாத் வரைக்கும் கேட்கிறதாம், விசாரணை வைக்கப் போகிறார்களாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்குக் கழற்றியிருப்பாள், பாருங்கள்.

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகக்கூடாது.

அன்புடன் (தயவுசெய்து இயந்திரத்தில் போடாதீர்கள்),
அம்பிகா

விழுப்புரம்
6 அக்டோபர் 2025

அன்புள்ள அம்பிகாவுக்கு,

உன் வீட்டில் எல்லாரும் சுகம்தானே. இங்கே முட்டி உட்பட எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

உத்தரவு வந்துவிட்டது. ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம். கூடவே ஓர் எச்சரிக்கை. அதற்குக் கீழே ஆபீஸ் முழுமைக்கும் ஒரு சட்டம்: இனி யாரும் மெயிலைத் தன்னிஷ்டத்துக்கு முடிக்கக்கூடாது, எல்லாரும் ‘ரிகார்ட்ஸ்’ என்றுதான் போட வேண்டும். போட்டுக்கொண்டிருக்கிறோம். அது குடோனுக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று ஐதராபாத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. ஜெகதீசன் இன்றைக்குக் காலையில்கூட, சாக்கு கிழிந்ததற்குச் சம்பளத்தில் பிடிப்பேன் என்று தீனதயாளனுக்கு அன்புடன் எழுதியிருக்கிறார்.

ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்று தெரியாது. அப்போது பார்ப்போம். புனிதா சத்தமில்லாமல் நடக்கிறாள்.

உன் அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை எங்கோ கிளம்பிப் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. தீனதயாளன் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். தீனதயாளன் சொல்லித்தான் எனக்கே தெரியும். ரெண்டு பேரும் வீட்டு மோட்டார் ஏன் தண்ணீர் ஏற்றவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். கழற்றிப் பார்த்துச் சரி செய்துவிட்டுத்தான் வந்தாராம்.

இன்றைக்குக் காலையில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். பைக் வந்து பக்கத்தில் நின்றது. ஏறு என்று சொல்லவில்லை. ஹாரன் அடித்தார். ஏறினேன். ஆபீஸ் கேட்டில் நான் முனகிக்கொண்டே இறங்கினேன், வாட்ச்மேன் உஷாரானார். இவர் வண்டியை எடுக்காமல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினார்.

“அம்பிகா உன் லெட்டர அனுப்பினா. பதிலு போடலாம்னு போன எடுத்துக்கினு உக்காந்தேன். முடிவுல இன்னா போடறதுன்னு தெரில.”

முட்டியைத் தடவிக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் சிரிப்பாக்கிவிடுவேன் என்று பயம்.

“இப்படிக்குன்னு மட்டும் போட்டேன்னு வெச்சிக்கோ” என்றார். வண்டியைத் திருப்பினார். “சாய்ந்தரம் வர்றேன்.”

அன்புடன்,
அண்ணி